மருத்துவிச்சியின் பதிவேடு: கிராமத்து ஆரம்ப சுகாதாரம் பற்றிச் சில குறிப்புகள்

1

சில மாதங்களுக்கு முன் இங்கே எங்கள் ஊர்ச்சங்கத்தின் பொதுக்கூட்டம் நடந்தது. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, இரண்டு மணித்தியாலம் மட்டும் படுத்தெழும்பிப் போயிருந்தேன். ஊரிலுள்ள பிரதேச வைத்தியசாலைக்கு மேல்மாடி கட்டிக்கொடுப்பது பற்றியே பிரதான பேச்சு. வரைபடம் வந்திருந்தது. யாருடைய ஞாபகார்த்தமாகக் கல் பதிப்பது என்பதுவரை விவாதம் போய்விட்டது. நான் ஒரேயொரு கேள்விதான் கேட்டேன்: 2014இல் நாங்கள் வாங்கிக்கொடுத்த இரத்தப் பரிசோதனை இயந்திரம் இப்போது என்ன செய்கிறது?

பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இயந்திரம் துணியால் மூடப்பட்டிருக்கிறது. அதை இயக்குவதற்கான ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளருக்கு அந்த வைத்தியசாலையில் ஆளணி அனுமதி இல்லை. மாதாமாதம் வாங்கவேண்டிய இரசாயனங்களுக்கு ஒருவரும் பணம் ஒதுக்கவில்லை. முதல் ஆறு மாதமும் பட்டணத்திலிருந்து ஒருவர் கிழமைக்கு ஒருநாள் வந்து போனார். பிறகு அவருக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு அட்டை தொங்கும். அந்த இயந்திரத்துக்குப் பொறுப்பானவரின் பெயர், அவர் கடைசியாக அதைப் பார்த்த திகதி, அடுத்து எப்போது பார்ப்பார் என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். பெயர் எழுதப்படாத இயந்திரத்தை ஓடவிட மாட்டார்கள். இருபது வருடங்களுக்கு முன் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தெளிவாக விளங்காத ஒன்றை இந்த அட்டைதான் விளங்கவைத்தது. கிராமங்களுக்குச் சுகாதார சேவை போய்ச்சேராமைக்குக் காரணமாகத் தூரம், பணம், கட்டடம், மருந்து ஆகியவற்றையே நாம் வழக்கமாகப் பட்டியலிடுகிறோம். அவை எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றுக்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த ஊரின் இத்தனை உயிர்களுக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரு ஆள் பொறுப்பாக இருக்கிறாரா? அந்த ஆளின் பதிவேட்டில் யார் யாருடைய பெயர் இருக்கிறது, யாருடையது இல்லை? இலங்கையின் ஆரம்ப சுகாதார வரலாற்றை இந்தக் கேள்வியோடு வாசித்துப் பார்ப்பதே இக்குறிப்புகளின் நோக்கம்.

2

‘ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு’ என்ற சொற்றொடர் உலகப் புழக்கத்துக்கு வந்தது 1978 செப்டெம்பரில், அன்றைய சோவியத் கசாக்ஸ்தானின் அல்மா ஆட்டா நகரில் நடந்த மாநாட்டின் பின்னர். 134 நாடுகளின் பிரதிநிதிகள் அதில் கலந்துகொண்டனர். ‘2000ஆம் ஆண்டில் எல்லோருக்கும் சுகநலம்’ என்பது அதன் இலக்கு. சுகநலம் என்பது வைத்தியர்கள் தரும் பண்டம் என்ற எண்ணத்தை அந்தப் பிரகடனம் மறுத்தது. குடிநீர், மலசலகூடம், உணவு, தாய்சேய் நலன், தடுப்பூசி, அத்தியாவசிய மருந்து, சுகாதாரக் கல்வி ஆகியவற்றை ஒன்றாக வைத்து, மக்கள் வாழும் இடத்திலேயே, மக்களின் பங்கேற்புடன் அவை நடக்கவேண்டும் என்றது. நாடுகளுக்கிடையிலும் நாடுகளுக்குள்ளும் உள்ள ஏற்றத்தாழ்வை ஏற்கமுடியாது என்று வெளிப்படையாகச் சொன்னதால், அது ஒரு அரசியல் ஆவணமும்கூட.

ஒரு வருடம் போகமுன்னரே பின்வாங்கல் தொடங்கிவிட்டது. எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்யப் பணமில்லை, செலவு குறைந்த சிலவற்றைத் தெரிவுசெய்து செய்வோம் என்ற வாதம் 1979இலேயே முன்வைக்கப்பட்டது. 1980களில் சிறுவர் வளர்ச்சியைக் கண்காணித்தல், வாய்வழி நீரேற்றம், தாய்ப்பால், தடுப்பூசி என்ற நான்கு அம்சங்களாக அது சுருங்கியது. அந்த நான்கும் இலட்சக்கணக்கான பிள்ளைகளைக் காப்பாற்றின, அதை மறுக்கமுடியாது. ஆனால் திட்டம் வந்து திட்டம் போனபின் கிராமத்தில் யார் எஞ்சியிருப்பது என்ற கேள்விக்குப் பல நாடுகளில் பதில் இருக்கவில்லை.

இலங்கையில் பதில் இருந்தது. அது அல்மா ஆட்டாவுக்கு அரை நூற்றாண்டு முந்தியது.

3

1926இல் றொக்கபெல்லர் நிதியத்தின் ஒத்துழைப்புடன் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கப்பட்டது. அதற்குள் ஒரு எளிய புவியியல் இருந்தது. ஒரு எல்லை வகுக்கப்படும். அந்த எல்லைக்குள் வாழும் முழுச் சனத்தொகைக்கும், நோய் வந்தவர்களுக்கு மட்டுமல்லாமல் எல்லோருக்கும், ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பொறுப்பாவார். அவருக்குக் கீழே பொதுச் சுகாதார பரிசோதகர்கள், நாம் பி.எச்.ஐ. என்று அழைத்தவர்கள். கிணறு, மலசலகூடம், சாப்பாட்டுக்கடை, தொற்றுநோய் இவர்களுடைய வேலை. இன்னொரு பக்கத்தில் தாதிய சகோதரியும் மருத்துவிச்சிகளும். இன்று அரச பாஷையில் ‘குடும்பநல உத்தியோகத்தர்’ எனப்படும் இந்த மருத்துவிச்சிதான் முழு அமைப்பின் கடைசி நுனி. பதினெட்டு மாதப் பயிற்சி பெற்ற பெண். ஏறத்தாழ 3000 முதல் 5000 வரையான சனத்தொகை ஒருவருடைய பொறுப்பு. தன் பிரிவிலேயே வசிக்கவேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

அவருடைய ஆயுதம் ஒரு பதிவேடு. தன் பிரிவில் பிள்ளைப்பேற்று வயதிலுள்ள பெண்கள் இருக்கும் குடும்பங்களும் சிறு பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களும் அதில் இருக்கும். ஒரு பெண் கர்ப்பமானதும் பதிவு, வீட்டுக்குப் போய்ப் பார்த்தல், கிளினிக்குக்கு வரச்செய்தல், பிள்ளை பிறந்து முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவை வீட்டுக்குப் போதல், பிறகு நிறை, தடுப்பூசி, திரிபோஷா. கிளினிக்குக்கு வராதவள் யார் என்று சொல்லக்கூடியது இந்தப் பதிவேடு மட்டுமே. வைத்தியசாலைக்கு வந்தவரை மட்டும்தான் தெரியும். வராதவரைப் பற்றி அதன் புத்தகத்தில் ஒரு வரியும் இருக்காது. கிராமத்தில் செத்துப்போகிறவர்களில் பெரும்பாலானோர் வராதவர்கள், அல்லது பிந்தி வந்தவர்கள்.

இதன் விளைவு எண்களில் தெரிகிறது. 1930களில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2000க்கும் அதிகமான தாய்மார் இறந்தனர். அண்மைய பதினைந்து ஆண்டுகளில் பெரும்பாலானவற்றில் அது 40க்கும் குறைவு. ஒவ்வொரு தாயின் மரணமும் அறிவிக்கப்பட்டு, ஏன் நடந்தது என்று விசாரிக்கப்படுகிறது. 1985இல் றொக்கபெல்லர் நிதியம் வெளியிட்ட ‘குறைந்த செலவில் நல்ல சுகநலம்’ என்ற அறிக்கை சீனா, கேரளம், கொஸ்ரா ரிக்கா ஆகியவற்றுடன் இலங்கையையும் முன்மாதிரியாகக் காட்டியது.

இதை வெறும் நிர்வாகத் திறமையின் விளைவாகக் கொள்ளமுடியாது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அரசாங்க சபைக்குப் போக விரும்பியவர் கிராமத்துக்கு வந்து வாக்குக் கேட்கவேண்டியிருந்தது; கிராமம் பள்ளிக்கூடமும் மருந்துச்சாலையும் கேட்டது. 1934-35இல் மலேரியா சுமார் 80,000 பேரைக் கொன்றபோது, நிவாரண வேலையில் இறங்கிய இடதுசாரி இளைஞர்கள் அதை அரசியல் பிரச்சினையாக்கினார்கள். பெண்கள் எழுத வாசிக்கக் கற்றதும் பெரிய காரணம். தன் பிள்ளையின் நிறை வரைபடத்தைத் தானே வாசிக்கத் தெரிந்த தாய், மருத்துவிச்சியின் வேலையில் பாதியைச் செய்துவிடுகிறாள்.

4

வாக்கு இருந்த இடத்துக்குப் பதிவேடு போனது என்றால், வாக்கு இல்லாத இடத்தில் என்ன நடந்தது?

மலையகத்துக்கு நாம் இங்கே வரவேண்டும். யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தினராகிய நாம் ‘இலங்கையின் சுகாதார சாதனை’ பற்றிப் பேசும்போதெல்லாம் தாண்டிப்போகும் இடம் அது. தோட்டத் தொழிலாளரின் சுகாதாரம் ஆரம்பத்திலிருந்தே தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக விடப்பட்டது. கிராமத்துக்குச் சுகாதார வைத்திய அதிகாரி இருந்தார். தோட்டத்துக்குத் துரையும், துரைக்குக் கீழ்ப்பட்ட தோட்ட வைத்திய உதவியாளரும் இருந்தனர். தொழிலாளி வேலைக்கு வரக்கூடிய நிலையில் இருக்கிறாளா என்பதே அங்கே சுகநலத்தின் அளவுகோல். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதையடுத்த வாக்குரிமைப் பறிப்பும் இந்தப் பிரிவினையை இறுக்கின. நாடற்றவளைத் தேடி அரச மருத்துவிச்சி லயத்துக்கு ஏன் ஏறப்போகிறாள்? அவளுக்காகப் பாராளுமன்றத்தில் கேள்வி கேட்கும் நிர்ப்பந்தம் யாருக்கு?

1972இலும் 1975இலும் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டன. அதற்கிடையே 1973-74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மாண்டனர். அதே ஆண்டுகளில் தீவு முழுவதும் உயர்ந்த இறப்பு வீதம் தோட்டங்களிலேயே மிக மோசமாக உயர்ந்தது. 1990களில் சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது, எல்லாவற்றையும் அல்ல. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினை சட்டரீதியாகத் தீர்ந்தது. 2016ஆம் ஆண்டின் குடிசனவியல் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்துறையில் இது 32 வீதம். இந்தப் பிள்ளைகள் மருந்தின்மையால் மட்டும் குறுகிப்போகவில்லை. காலையில் தாய் கொழுந்தெடுக்கப் போய்விடுகிறாள்; கிளினிக் நடக்கும் நாளில் போனால் அன்றைய பேர் விழாது. பிள்ளை பிள்ளைக்காம்பராவில் இருக்கிறது. வருகின்ற மருத்துவிச்சி பல இடங்களில் தமிழ் பேசத் தெரியாதவர். பாலூட்டுவது பற்றி, குடும்பக் கட்டுப்பாடு பற்றி, இரத்தப்போக்குப் பற்றி ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சைகையால் எவ்வளவைச் சொல்லமுடியும்?

மொழி என்பது சுகாதார சேவையின் புறச் சோடனை இல்லை என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் விளங்கிக்கொண்டிருந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஷ் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், பாடநூல்களைத் தமிழாக்கினார். ஆங்கிலத்தில் படித்தவர் பட்டணத்துக்கும் அரச உத்தியோகத்துக்கும் போய்விடுவார், தமிழில் படித்தவர் ஊரில் தங்குவார் என்பதும் அவருடைய கணிப்புகளில் ஒன்று. படித்தவர் எங்கே போவார் என்ற விடயத்தில் அவர் பிழைவிடவில்லை என்பதற்கு இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் நாம் எல்லோரும் சாட்சி.

5

போர்க்காலத்துக்கு வருவோம். 1990 யூனுக்குப் பின் வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் மருந்துகளும் அகப்பட்டன. மின்சாரம் இல்லை, எரிபொருள் இல்லை, தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கு ஐஸ் தேடவேண்டியிருந்தது. இவ்வளவுக்கும் மத்தியில் தடுப்பூசி வேலை முற்றாக நின்றுவிடவில்லை. 1990களின் நடுப்பகுதியில் போலியோ சொட்டு மருந்துக்கென்று இரு தரப்பும் துப்பாக்கியை இறக்கிவைத்த நாட்கள் இருந்தன. மலேரியா 1999இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. ஆயினும் கொழும்பின் மலேரியா தடுப்பு இயக்கமும் போர்ப்பகுதியின் ஊழியர்களும் தொடர்பை அறுத்துக்கொள்ளவில்லை. 2012 ஒக்டோபரில் நாட்டுக்குள் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

2003இல், சமாதான காலத்தில், மாணவர்கள் சிலரோடு வன்னிக்குக் களவேலைக்குப் போனேன். கிளினிக்குகளுக்கான தூரத்தை வரைபடத்தில் குறிப்பது எங்கள் திட்டம். ஒரு கிராமத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய மருத்துவிச்சி ஒருவர் தன் பதிவேட்டைக் காட்டினார். மட்டை கிழிந்து, தையல்நூலால் கட்டப்பட்டிருந்தது. 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தபோது சொப்பிங் பைக்குள் வைத்துக் கொண்டுபோனது. மல்லாவிப் பக்கத்துக் கொட்டில்களில் தன் பிரிவு ஆட்களைத் தேடித்தேடி, யார் எந்த மரத்தடியில் என்று பென்சிலால் எழுதியிருந்தார். “இதில எந்த வீட்டு இலக்கமும் இப்ப சரியில்லையே அக்கா” என்று நான் சொன்னேன். “வீடு மாறினா என்ன தம்பி, ஆக்கள் அதே ஆக்கள்தானே” என்றார்.

நான் தூரத்தை அளக்கப் போயிருந்தேன். அவருடைய சேவைக்கு நிலையான தூரம் என்று ஒன்றே இருக்கவில்லை. சனம் போன இடத்துக்குச் சேவையும் போனது. ஏனெனில் சேவை அவராகவே இருந்தது. அந்த வருடம் நாங்கள் தயாரித்த வரைபடங்கள் எங்கேயோ தொலைந்துவிட்டன. 2006இல் நானும் புறப்பட்டுவிட்டேன். 2009இற்குப் பிறகு அவரைப் பற்றி விசாரித்தேன். ஓய்வு பெற்றுவிட்டார் என்றும், அந்தப் பிரிவை நீண்டகாலம் பக்கத்துப் பிரிவின் மருத்துவிச்சியே சேர்த்துப் பார்த்தார் என்றும் அறிந்தேன்.

இதுதான் போருக்குப் பின்னான பிரச்சினையின் சுருக்கம். வீதி போடப்பட்டது, கட்டடங்கள் எழும்பின, ஆட்கள் போதவில்லை. ஏன் போதவில்லை? முதலாவது, ஆட்சேர்ப்புக்குப் பரீட்சைத் தகைமை வேண்டும். கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்க ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்களிலிருந்து அந்தத் தகைமையோடு வெளியேறும் பெண்கள் குறைவு. ஆகவே பட்டணத்துப் பெண் நியமிக்கப்படுகிறார், இடமாற்றம் கேட்கிறார், போய்விடுகிறார். இரண்டாவது, தன் பிரிவில் வசி என்று சொல்லும் நிர்வாகம் வசிக்கக்கூடிய விடுதியைத் தருவதில்லை. கூரை ஒழுகும், தண்ணீர் உவரான, இரவில் தனியாக இருக்கப் பயமான விடுதியில் ஒரு இளம்பெண் தங்காததை ‘சேவை மனப்பான்மை இல்லாமை’ என்று சொல்வது அநியாயம். மூன்றாவது, பல ஆண்டுகள் சிறு கொடுப்பனவுடன் வேலை செய்த சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கேட்டுத் தெருவில் இருக்கவேண்டி வந்தது. நான்காவது, 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி. பெற்றோல் இல்லாமல் வீடுகளுக்குப் போவது தடைப்பட்டது, மருந்து தட்டுப்பட்டது, வைத்தியர்களும் தாதியரும் பெருந்தொகையாக வெளிநாடு போயினர்.

இவற்றோடு நோயின் முகமும் மாறிவிட்டது. களுத்துறை முறை தாயையும் பிள்ளையையும் நோக்கி அமைக்கப்பட்டது. இன்றைய கிராமத்தில் கொல்பவை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு. நாற்பத்தைந்து வயது ஆணின் பெயரைக் கேட்டு வீட்டுக்கு வருகிறவர் யாருமில்லை. இதற்காக 2011 தொடக்கம் திறக்கப்பட்ட சுகவாழ்வு நிலையங்களுக்குப் பெரும்பாலும் பெண்களே போகிறார்கள். ஆண்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள், அல்லது வெட்கப்படுகிறார்கள். தடுப்புப் பிரிவும் சிகிச்சைப் பிரிவும் இரண்டு தனித்தனித் தண்டவாளங்களாக ஓடுவதால், வைத்தியசாலையில் ‘சீனி’ என்று மருந்தெடுத்தவர் அடுத்த மாதம் வராவிட்டால், அதைக் கவனிக்கும் பதிவேடு எவரிடமும் இல்லை.

6

இனி எங்களைப் பற்றி. புலம்பெயர்ந்தோர் பணம் கட்டடத்தையும் இயந்திரத்தையும் விரும்புகிறது. அதைப் படம் பிடிக்கலாம், பெயர் பதிக்கலாம், ஒரு விடுமுறைக்குள் திறந்துவைத்துவிட்டுத் திரும்பலாம். ஒரு மருத்துவிச்சியின் முப்பது வருட வேலையைத் திறந்துவைக்க முடியாது. இன்னொரு உண்மையும் உண்டு. ஆளணிக்கு அனுமதி வழங்குவது அரசு. அங்கே எங்களுக்கு வாக்கில்லை, ஆகவே அதிகாரமுமில்லை. பணம் மட்டும் இருக்கிறது. அதிகாரம் இல்லாத பணம் சுவராக மாறுவதில் வியப்பில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். கட்டடமும் வேண்டும்தானே என்பது ஒன்று. ஆம். இரத்தப்போக்கு நிற்காத தாய்க்குச் சத்திரசிகிச்சைக் கூடம் வேண்டும், அம்புலன்ஸ் வேண்டும். ஆனால் அவளை நேரத்தோடு அனுப்பிவைக்க ஒருவர் ஊரில் இருந்தால்தான் அந்தக் கூடத்தால் பயன். மற்றது இடதுசாரி நண்பர்களின் மறுப்பு: அரசு செய்யவேண்டியதை நாம் செய்தால் அரசைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறோம். இதில் நியாயம் அதிகம். ஆகவேதான் அரசின் இடத்தைப் பிடிக்காமல், அரசின் ஆளை ஊரில் தங்கவைக்கும் வேலைகளைப் பற்றி யோசிக்கச் சொல்கிறேன்.

நான் கூட்டத்தில் சொன்னவை மூன்று. மேல்மாடிக்குச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியால், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் எழுத்துமூல உடன்பாட்டுடன், இரண்டு மருத்துவிச்சி விடுதிகளைத் திருத்தி நல்ல தண்ணீரும் வெளிச்சமும் பாதுகாப்பான வேலியும் கொடுப்பது. அந்தப் பிரதேசத்துப் பள்ளிக்கூடங்களில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்க ஐந்து வருடத்துக்கு ஆசிரியர் செலவைப் பொறுப்பேற்பது. மருத்துவிச்சிப் பயிற்சிக்குப் போக விரும்பும் பெண்பிள்ளைகளுக்கு உதவுவது. மூன்றாவது, செலவே இல்லாதது: 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எத்தனை குடும்பநல உத்தியோகத்தர் பிரிவுகள் வெற்றிடமாக உள்ளன என்று ஊரிலுள்ளவர்களைக்கொண்டு வருடாவருடம் கேட்பித்து, வரும் பதிலைப் பகிரங்கப்படுத்துவது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி கிராமிய சுகாதாரம் மாகாணத்தின் விடயம். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தப்படவில்லை. தெரிவான சபை இல்லாத காலத்தில் வெற்றிடங்களைப் பற்றிக் கேட்பது யார்? இக்கேள்வியை மேடைகளில் அதிகாரப்பகிர்வு பற்றி முழங்குவோரும் கேட்டுப்பார்க்கலாம்.

கூட்டத்தில் வாக்கெடுப்பு நடந்தது. மேல்மாடியே வென்றது, விடுதி பற்றி அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். இதை ஒரு தோல்விக் கதையாகச் சொல்லவில்லை. எனக்கு எதிராக வாக்களித்த ஒரு நண்பர் வாகனத் தரிப்பிடத்தில் வந்து, “நீங்கள் சொன்ன மருத்துவிச்சிதான் என்ர அம்மாவுக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவ எண்டு நினைக்கிறன்” என்றார். அது அவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் எங்கள் ஒவ்வொருவருடைய பெயரும் முதன்முதலில் எழுதப்பட்டது அப்படியொரு பெண்ணின் பதிவேட்டில்தான். இன்று அந்தப் பதிவேட்டை எழுத ஆளில்லாத ஊர்கள் எவை, அதில் ஒருபோதும் எழுதப்படாத லயங்கள் எவை என்ற விபரமே எமது அடுத்த விவாதத்தின் தொடக்கமாக இருக்கவேண்டும் என நினைக்கிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள், முக்கியமாக இத்துறையில் வேலை செய்தவர்கள், எழுதவேண்டும்.